20,000 வெள்ளி, ஒரு தாலுகா ஆஸ்பத்திரி: எதற்குக் கொடுப்பது?

எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து சிங்கப்பூரில் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். பெரிய சங்கம் என்று சொல்ல முடியாது. கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், பேருந்து ஓட்டுநர், வங்கியில் கணினிப் பிரிவில் இருப்பவர், தேக்காவில் மளிகைக்கடை வைத்திருப்பவர் என்று கலந்துகட்டிய கூட்டம். இந்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் பார்த்தபோது கையிருப்பு ஏறத்தாழ 20,000 சிங்கப்பூர் வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தாலும் 13 லட்சம் ரூபாய். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு இதைச் செலவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதற்கு என்று கேட்டதும்தான் ஆளுக்கொரு திசை. மிஷின் வாங்கலாம், முகாம் நடத்தலாம், காப்பீடு எடுத்துக் கொடுக்கலாம், நர்ஸ் போடலாம், கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு நேராகவே கொடுக்கலாம்.

ஒவ்வொன்றையும் விசாரித்து எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. மற்ற ஊர்ச் சங்கங்களும் இதே கேள்வியில் முட்டிக்கொண்டிருக்கும் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிஷின் வேண்டாம் என்ற கட்சி நான்.

எங்கே துண்டு விழுகிறது

2017இல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்தப் போவதாகச் சொன்னது. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கில் அது 1.84 சதவீதம். கோவிடுக்காகக் கொட்டிய பணமும் சேர்ந்த கணக்கு அது. அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் கைக்காசு. 2013-14இல் இது 64.2 சதவீதமாக இருந்தது. நல்ல இறக்கம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நூறு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய் நோயாளி மடியை அவிழ்த்துத்தான் கொடுக்கிறார்.

இது நாட்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் இந்தத் துண்டு வேறு இடத்தில் விழுகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பணம் அனுப்பினால், நிரம்பிய குடத்தில் போய்த் தண்ணீர் ஊற்றுவோம்.

மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் அடுக்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் இருக்கும் தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடு. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் செய்த ஏற்பாடு இது. ஆகவே எங்கள் பக்கம் ஜி.எச்.சில் சாதாரண மாத்திரைக்குப் பெரிய பஞ்சமில்லை. பெரிய அறுவை சிகிச்சைக்கு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக ஓடுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது.

அப்படியானால் எதுதான் மிச்சம்? ஆள் பற்றாக்குறை. வாங்கிப் போட்ட கருவிகளின் பராமரிப்பு. படுக்கையில் சேராமல் வந்து பார்த்துவிட்டுப் போகும் நோயாளி வெளியே எடுக்க வேண்டிய ஸ்கேன், டெஸ்ட். இவற்றையெல்லாம் விடப் பெரியது, ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே ஆகிற செலவு. அது எந்த அரசுக் கணக்கிலும் வருவதில்லை.

மிஷின்

“தம்பி, மிஷின் வாங்கிக் கொடுத்தா பேரு நிக்கும்” என்றார் எங்கள் பொருளாளர் அண்ணன். அதில் தப்பில்லை. ‘சிங்கப்பூர் வாழ் ஊர் மக்கள் அன்பளிப்பு’ என்று ஒரு தகடு பத்து வருடம் நிற்கும். மிஷினும் அதுவரை ஓடுமா என்று பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் மிஷின்தான் எல்லாரும் முதலில் சொல்வது. ஆறேழு லட்சத்தில் கிடைக்கும், நம் பணத்தில் ஒன்று வாங்கி மீதியும் இருக்கும். ஆனால் டயாலிசிஸ் என்பது மிஷின் மட்டுமில்லை, தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு தடவை நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் அதில் ஓட வேண்டும். எங்கள் பக்கத்து போர்த் தண்ணீர் எவர்சில்வர் குடத்திலேயே வெள்ளை வெள்ளையாகப் படியும். அதைச் சுத்திகரிக்கத் தனி ஆர்ஓ பிளாண்ட் வேண்டும், அதன் மெம்பரேனை அவ்வப்போது மாற்ற வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஒவ்வொருவருக்கும் ரத்தத்தை வடிகட்டும் டயலைசர், குழாய் செட். பக்கத்தில் நிற்கப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன். மேற்பார்வைக்குச் சிறுநீரக மருத்துவர். இத்தனையும் இருக்கிற இடத்தில் நாம் கொடுக்கும் மிஷின் ஓடும். இல்லாத இடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்கும்.

இது என் கற்பனைப் பயமில்லை. நாட்டின் அரசு மருத்துவமனைகளில் உள்ள கருவிகளை தேசிய சுகாதார இயக்கம் 2015 வாக்கில் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை ஓடாமல் கிடந்தன. அதற்கப்புறம்தான் பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு திட்டம் போட்டார்கள். கருவி வாங்கத் திறப்பு விழா இருக்கிறது. ஏஎம்சி என்று சொல்லும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு விழா இல்லை. வாரண்டி முடிந்த பிறகு வருடா வருடம் விலையில் 5 முதல் 10 சதவீதம் வரை அதற்கு எடுத்துவைக்க வேண்டும். நன்கொடையாக வந்த மிஷினுக்கு யார் எடுத்துவைப்பது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வாங்கலாம் என்றார் இன்னொருவர். அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற இடத்துக்கு மட்டும்தான் ஸ்கேன் கருவியை விற்க முடியும். கருவி மாறினாலும் கூடினாலும் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கூரியரில் அனுப்பிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளும் சமாச்சாரமில்லை. எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி. இதையெல்லாம் ஆஸ்பத்திரிதான் வாங்கித்தர வேண்டும். நாம் அவசரப்படுத்தினால் நடக்காது.

மிஷின் எப்போதும் வீண் என்று நான் சொல்லவில்லை. நாலு டயாலிசிஸ் மிஷின் இரண்டு ஷிஃப்டாக ஓடி, வெளியே ஆட்கள் காத்துக்கிடக்கிற ஜி.எச்.சுக்கு ஐந்தாவது மிஷின் கொடுத்தால் அது புண்ணியம். அப்படிப்பட்ட இடமென்றாலும் யார் இயக்குவார், டயலைசர் செலவு எந்தக் கணக்கில், வாரண்டி முடிந்ததும் ஏஎம்சி யார் பொறுப்பு என்று மூன்று வரி எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் பணத்தைத் தொட வேண்டும்.

தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மிராசுதார்கள் பணம் போட்டுக் கட்டியது; இன்றைக்கும் பிரசவத்துக்குச் சுற்றுவட்டாரமே அங்கே போகிறது. கட்டியவர்கள் பேர் பலகையில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகச் சம்பளமும் மருந்தும் கரண்ட் பில்லும் கொடுப்பது அரசு கஜானா. நன்கொடையாளருக்குச் சுவர் பிடிக்கும், சம்பளம் பிடிக்காது. அன்றும் அப்படித்தான்.

இதே தலைப்பில் சின்னதாக ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது. உள்ளூரில் எங்கள் ஆட்கள் போய்ப் பெரிய டாக்டரிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது ஸ்கேன் மிஷின் என்றார். வார்டில் இருந்த நர்ஸ் அக்காவிடம் அதையே கேட்டதற்கு, “ஸ்ட்ரெச்சருக்கு சக்கரம் மாத்திக் குடுங்க” என்றாராம். போய்ப் பார்த்தால் நான்கில் ஒரு சக்கரம் சுழலாமல் இறுகிப்போய், தள்ளத் தள்ள வண்டி சுவர்ப் பக்கமே இழுக்கிறது. அதை நேராக ஓட்ட ஒரு ஆள் தலைமாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அப்புறம் அக்கா சொல்லிக்கொண்டே போனதில் பிரஷர் பார்க்கும் கருவியின் கிழிந்த பட்டை, இன்வெர்ட்டர் பேட்டரி, குடிநீர் ஃபில்டர், ரெக்சின் கிழிந்த மெத்தைகள், பிரசவ வார்டில் ஓடாத இரண்டு ஃபேன். இந்தப் பட்டியல் முழுக்கவும் ஒரு மிஷின் விலையில் பாதிகூட வராது. அரசு நிதியில் இதற்கெல்லாம் தலைப்பு இருக்கிறது; கோப்பு போய்த் திரும்புவதற்குள் அடுத்த சக்கரமும் இறுகிவிடும்.

முகாம்

இலவச மருத்துவ முகாம் நடத்துவது சுலபம். பள்ளிக்கூடம் கிடைக்கும், தனியார் ஆஸ்பத்திரிக்காரர்களே டாக்டர்களை அனுப்புவார்கள், ஃப்ளெக்ஸ் பேனரும் மதியச் சாப்பாடும் நம் செலவு. ஒரு லட்ச ரூபாயில் முடிந்துவிடும்.

கண் முகாம் என்றால் நானே கையைத் தூக்குவேன். மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமம் கிராமமாக முகாம் போட்டுத்தான் வளர்ந்தது. அது பலித்ததற்குக் காரணம் கண்புரையின் குணம். ஒரு தடவை கண்டுபிடித்து, ஒரு தடவை ஆபரேஷன் செய்தால், அந்தக் கண்ணின் கதை முடிந்தது; பாட்டி மறுபடி ஊசியில் நூல் கோர்ப்பாள். சுகரும் பிரஷரும் அப்படியில்லை. முகாமில் ‘உங்களுக்கு சுகர் 280 இருக்கு’ என்று சொல்லிப் பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினோராவது நாள் யார் கொடுப்பது? அந்த வேலையை ஆரம்ப சுகாதார நிலையமும் வீடு தேடி வரும் திட்டமும் செய்கின்றன. நாம் அதற்குப் பக்கத்தில் பந்தல் போட வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. சில முகாம்கள் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கும் இடமாகிவிடுகின்றன. நம் பணத்தில் கூட்டம் சேர்த்து, அங்கேயே ‘ஆஞ்சியோ பார்த்துடலாம்’ என்று சொல்ல வைக்கிற வேலை நமக்கு எதற்கு?

காப்பீடு

ஊரில் உள்ள பெரியவர்களுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுக்கலாம் என்ற யோசனை இங்கே மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்பீட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் தோன்றும். சிங்கப்பூரில் 2015 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும், ஏற்கெனவே இருக்கும் நோயையும் சேர்த்து, ஆயுள் முழுக்க அது உண்டு. பிரீமியத்தை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஊரில் அறுபது தாண்டியவருக்குத் தனியார் பாலிசி எடுத்தால் ஆளுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்க 2024 விதிகளும் அனுமதிக்கின்றன. அந்த மூன்று வருடம் நாம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நான்காவது வருடம் சங்கத்தில் பணமில்லை என்றால் அவ்வளவுதான். அதோடு வெளிநோயாளிச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது.

இந்த வழியில் பணத்தைவிட அலைச்சலுக்குத்தான் மதிப்பு. முதலமைச்சர் திட்டத்துக்குத் தகுதியிருந்தும் அட்டை எடுக்காத குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. வருமானச் சான்று வாங்க விஏஓவைப் பார்க்க வேண்டும், குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிப்போடுகிறார்கள். 70 வயது தாண்டியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் 5 லட்சம் வரை என்று மத்திய அரசும் 2024 அக்டோபரில் தன் காப்பீட்டுத் திட்டத்தை விரித்தது. ஒரு வேன் பிடித்து முப்பது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் அட்டை எடுத்துக் கொடுத்தால், சில ஆயிரம் ரூபாயில் ஒவ்வொரு வீட்டுக்கும் 5 லட்சத்துக்கு வழி பிறக்கும். இதற்கு இணையான லாபம் வேறு எந்த வழியிலும் இல்லை. தகடுதான் அடிக்க முடியாது.

நர்ஸ்

உண்மையில் பெரிய ஓட்டை இதுதான். ஆள் இல்லை. தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக வேலை பார்க்கும் நர்ஸ்கள் நிரந்தரம் கேட்டுப் போராடுவது தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் செய்தி. ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்கம் வழியாக ஒரு நர்ஸுக்கோ லேப் டெக்னீஷியனுக்கோ நாம் சம்பளம் கொடுத்தால் அன்றைக்கே பலன் தெரியும்.

இருந்தும் நான் தயங்குகிறேன். இரண்டு வருடத்தில் பணம் தீரும், அந்தப் பெண் வேலையில்லாமல் வீட்டுக்குப் போவார். அவரை நம்பி ஓடிய லேப் மறுபடி பூட்டிக்கொள்ளும். நாம் சம்பளம் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் காலியிடத்தை நிரப்பச் சொல்லி மேலே எழுதுவதற்கும் யாருக்கும் அவசரம் இருக்காது. இதைக் கேட்டதும் செயலாளர், “அப்ப நோயாளி செத்தாலும் பரவாயில்லையா, அரசாங்கத்துக்குப் பாடம் கத்துக்குடுக்கணுமா?” என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம். எனக்கு அதற்கு முழுப் பதில் இல்லை. 13 லட்சம் என்பது ஒருவர் ஓய்வுபெறும் வரை தாங்கும் தொகையில்லை என்பது மட்டும் தெரியும். வருடா வருடம் இதே தொகை உறுதியாக வரும் என்ற சங்கங்கள் இந்த வழியை எடுக்கலாம். நாங்கள் அப்படியில்லை.

நேராகக் குடும்பத்துக்கு

என் பெரியப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன். உள்ளே வைத்த இம்ப்ளாண்ட் உட்பட ஒரு ரூபாய் வாங்கவில்லை. டாக்டர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணன் நோட்டில் எழுதிவைத்திருந்த கணக்கைப் பார்த்தேன். போக வர கார் வாடகை. ஆபரேஷன் தேதி தள்ளிப்போன நாட்களில் துணைக்கு இருந்த இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. தலையணை, வாளி, பாய், பிளாஸ்க். வெளியே எடுத்துவரச் சொன்ன ஒரு டெஸ்ட். டிஸ்சார்ஜ் ஆனதும் வாக்கர், கமோட் நாற்காலி, பெரியவர்களுக்கான டயப்பர், வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிய நர்ஸ், பிசியோ பயிற்சி சொல்லித்தந்தவர். கூடவே அண்ணன் சித்தாள் வேலைக்குப் போகாமல் இழந்த கூலி. அதை அவர் எழுதவே இல்லை, நான்தான் சேர்த்தேன். கூட்டினால் 40,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வட்டிக்கு வாங்கியிருந்தார்.

இலவச சிகிச்சைக்கு ஆன செலவு இது. இந்த மாதிரி துண்டு விழுகிற இடத்துக்கு எந்தத் திட்டமும் வருவதில்லை, வரப்போவதும் இல்லை. இங்கே 10,000 ரூபாய் கொடுத்தால் ஒரு குடும்பம் கந்துவட்டிக்காரன் வாசலை மிதிக்காமல் தப்பிக்கும். சில பேர் பாதியில் மருத்துவத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதே பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல்தான்.

சிக்கல் எங்கே என்று எல்லாருக்கும் தெரியும்: யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வது? ஊரில் தெரு இருக்கிறது, சாதி இருக்கிறது, பங்காளிச் சண்டை இருக்கிறது. உள்ளூரில் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஆறே மாதத்தில் குட்டித் தலைவராகிவிடுவார். அதனால் முடிவெடுப்பதை ஊரிலிருந்து பிரிப்பது நல்லது. வார்டு நர்ஸ் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதாரச் செவிலியர் பரிந்துரைப்பார். டிஸ்சார்ஜ் தாளும் பில்களும் வாட்ஸாப்பில் வரும். இங்கே மூன்று பேர் பார்ப்போம், அந்த மூவரில் ஒருவராவது வேறு தெருக்காரர். ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 15,000. பணம் குடும்பத்தலைவியின் வங்கிக் கணக்குக்கு, கையில் கிடையாது. வாக்கர், சக்கர நாற்காலி, காற்று மெத்தை மாதிரியானவற்றை வாங்கி வைத்து இரவல் கொடுத்து வாங்கலாம். ஒரு வாக்கர் பத்து வீட்டுக்குப் போகும்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிப் போனவர்கள் இந்த நிதியில் தனிக் கவனம் பெற வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்ந்தது, முன்பு 15,000. நல்ல மாற்றம். ஆனால் அனுமதி ரத்தாகி விமானம் ஏறினால் அந்தக் காப்பீடு அவரோடு வராது. இருபது வருடம் இங்கே உழைத்தவரின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கடைசியில் பார்த்துக்கொள்வது எங்கள் தாலுகா ஜி.எச். அந்த ஆஸ்பத்திரிக்கு நாம் கொடுப்பதை தர்மம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

காசநோய்ப் பை

கூட்டத்தில் யாரும் சொல்லாத, விசாரிக்கும்போது கண்ணில் பட்ட வழி இது. காசநோய்க்கு மாத்திரை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. சாப்பாட்டுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள், 2024 நவம்பர் முதல் 1,000. அதுவும் போதவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டு, 2022 செப்டம்பரில் நிக்‌ஷய் மித்ரா என்ற பெயரில் பொதுமக்கள், சங்கங்கள், நிறுவனங்கள் நோயாளிகளைத் தத்தெடுத்து ஆறு மாதமாவது உணவுப் பை கொடுக்க வழி திறந்தது. அரிசி அல்லது சிறுதானியம், பருப்பு, எண்ணெய், நிலக்கடலை அல்லது பால் பவுடர். எங்கள் ஊர் மளிகைக்கடையில் போட்டுப் பார்த்ததில் மாதம் 800 ரூபாய்க்குள் அடங்குகிறது.

இதற்கு மருத்துவப் பலன் இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளியின் பெயரை வெளியே சொல்லாமல், சுகாதார ஊழியர் வழியாகவே பையைக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்கிற பழக்கம் இங்கே பாவம்.

சட்டம், இரண்டு பக்கமும்

நல்ல மனசோடு அனுப்பி வம்பில் மாட்டுவது இந்த இடத்தில்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டவர், வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர். சிங்கப்பூரில் அமைந்த சங்கமும் வெளிநாட்டு அமைப்பு. அப்படி வரும் பணத்தை வாங்கும் ஊர் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்று சொல்லும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும்; 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். தெரிந்த டாக்டர் கணக்கில் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது. அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை அதே சட்டம் தடுக்கிறது, மாட்டுவது அவர்தான். சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் அனுப்புவது வேறு. 2022 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்கவே வேண்டியதில்லை.

இந்தப் பக்கம், வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுமக்களிடம் திரட்டினால் நிகரத் தொகையில் 80 சதவீதத்தை இங்கேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. தனிப்பட்ட முறையில் கொடுத்த பணத்துக்கும் பேரிடர் உதவிக்கும் தளர்வு கேட்கலாம். அதனால் சிராங்கூன் சாலையில் உண்டியல் வைக்கிற யோசனையை அன்றைக்கே மடித்துவைத்தோம். உறுப்பினர் பணம் மட்டும், அதற்கும் முதலில் விண்ணப்பம்.

நான் முன்வைத்திருக்கும் பங்கீடு

குடும்பங்களுக்கான நேரடி உதவிக்கும் இரவல் பொருட்களுக்கும் 7 லட்சம், இரண்டு ஆண்டுக்கு. வார்டு நர்ஸ் சொன்ன பட்டியலுக்கு 3 லட்சம். பொருளாக வாங்கி, ஆஸ்பத்திரி இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, ரசீது வாங்குவது. காசநோய்ப் பைக்கு ஒன்றரை லட்சம், முப்பது பேருக்கு ஆறு மாதம் தாங்கும். காப்பீட்டு அட்டை எடுக்க வேன், டீ, ஜெராக்ஸ் செலவுக்கு 30,000. மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் தொடாமல் இருக்கட்டும். மழைக்காலத்தில் டெங்கு வரும், அப்போது யாராவது போன் பண்ணுவார்கள்.

மிஷின் கட்சிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள்: இதில் ஐம்பது அறுபது குடும்பத்துக்குத்தான் உதவி போகும், மிஷின் என்றால் ஆயிரக்கணக்கில். மிஷின் ஓடினால் அது சரிதான். ஓடுவதற்கான மூன்று வரிக் கடிதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தால் அடுத்த ஆண்டுப் பணத்தை முழுக்க அதற்கே ஒதுக்கலாம் என்று நானே முன்மொழிகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வாக்கெடுப்பு அடுத்த மாதக் கூட்டத்தில். அதற்குள் எங்கள் மாவட்டத்தில் எஃப்சிஆர்ஏ பதிவு உயிரோடு இருக்கும் அறக்கட்டளை ஒன்றைக் கண்டுபிடித்து, பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்துவைக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டிய பதிவு அது. இங்கே ஆணையர் அலுவலகத்துக்கான விண்ணப்பத்தைச் செயலாளர் நிரப்புகிறார். இரண்டு தாளும் கைக்கு வராமல் ஒரு வெள்ளியும் நகராது. வந்த பிறகும் மூன்று தவணையாகத்தான் போகும். முதல் தவணைக்கு ரசீதும் பதிவேட்டுப் பக்கத்தின் படமும் வந்த பிறகே இரண்டாவது.